தேயிலைக்கு நடுவே ஓர் ஊர்

பொள்ளாச்சியிலிருந்து புறப்படும் பேருந்து, ஆழியாற்றைக் கடந்து 40 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி, வால்பாறையை அடைகிறது. ஆனைமலைத் தொடரில் ஏறத்தாழ 3500 அடி உயரத்தில் உள்ள ஊர் இது. காடர் முதலிய பழங்குடியினர் வாழ்ந்த மழைக்காட்டை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் திருத்தத் தொடங்கினர். முதலில் காப்பியும் பின்னர் தேயிலையும் பயிராயின. முன்பணம் கொடுத்து மேஸ்திரிகள் சமவெளியிலிருந்து அழைத்துவந்த ஏழை மக்களே தோட்டங்களை உருவாக்கினர். மலேரியா அவர்களுள் பலரைப் பலிகொண்டது.

இன்றைய வால்பாறையில் வசதிகள் இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. கடைவீதி, பேருந்து நிலையம், அரசு மருத்துவமனை, வட்டாட்சியர் அலுவலகம், கலை அறிவியல் கல்லூரி ஆகியவை நகரத்தில் உள்ளன. குடியிருப்பு, குடிநீர், மருந்தகம், குழந்தைகள் காப்பகம் போன்றவற்றைத் தொழிலாளர்க்குத் தோட்ட நிருவாகமே தர வேண்டும் என 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் விதித்தது. ஆகவே, நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தாலும், ஒழுகும் கூரைக்குத் தோட்ட அலுவலகத்தையே நாட வேண்டியவர் பலர். கடும் நோய் கண்டாலோ, அந்த 40 வளைவுகளிலும் இறங்கியாக வேண்டும். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் அவ்வழியும் அடைபடும்.

இங்கு வேண்டப்படும் வசதிகளுள் ஒன்று சமவெளி நகரங்கள் அறியாதது: யானை வரும் செய்தி. தேயிலைக்கு இடையே எஞ்சிய காட்டுத் துண்டுகளின் வழியே யானைகள் நடமாடுகின்றன. அரிசி மணம் அறிந்து நியாயவிலைக் கடையையும் சத்துணவுக் கூடத்தையும் உடைப்பதும் உண்டு. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் ஆய்வாளர்களும் வனத்துறையினரும் யானைகள் நிற்குமிடத்தை உள்ளூர்த் தொலைக்காட்சியிலும் கைப்பேசிக் குறுஞ்செய்தியிலும் அறிவிக்கும் முறையை ஏற்படுத்தினர். கைப்பேசியால் இயக்கப்படும் சிவப்பு விளக்குகளும் சாலையோரங்களில் நிறுத்தப்பட்டன. இருளில் வீடு திரும்பும் தொழிலாளி, அவ்விளக்கு எரிந்தால் அருகில் யானை உண்டென்று அறிந்துகொள்வார்.

எனினும், இவ்வூர் மக்களின் தீராக் கவலை வீடுதான். லைன் வீடு தோட்டத்திற்கு உரியது; வேலை உள்ளவரைதான் அதில் குடியிருக்கலாம். முப்பது, நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவரும் ஓய்வுபெற்றபின், மகனோ மகளோ அதே தோட்டத்தில் பணியாற்றாவிடில், வீட்டைக் காலி செய்ய வேண்டும். சொந்தமாக ஒரு மனை வாங்கலாமென்றால் நகரத்தைத் தோட்டமும் காடும் நெருக்கி நிற்கின்றன. படித்த பிள்ளைகளோ கோவைக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிச் செல்கின்றனர், பெற்றோரும் பின்தொடர்கின்றனர். 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 94,962 ஆக இருந்த வால்பாறை நகராட்சியின் மக்கள்தொகை, 2011இல் 70,859 ஆகக் குறைந்தது. தமிழக நகரங்கள் பலவும் பெருகிவந்த பத்தாண்டுகளில் இவ்வூர் கால்பங்கு மக்களை இழந்தது.

அவர்கள் விட்டுச்சென்ற வேலைக்கு இப்போது அசாம், ஜார்கண்ட் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். பூட்டிக்கிடந்த லைன் வீடுகள் சிலவற்றில் மீண்டும் அடுப்பெரிகிறது. அவர்களிடம் விலை சொல்வதற்காக, கடைவீதி வணிகர்கள் இந்தி எண்களைக் கற்றுவருகின்றனர்.