மாதிரி ரயில் பாதை: செங்கல்பட்டை மேசையில் அமைத்தல்

மாதிரி ரயில் பாதை என்பது உண்மையான ரயில், தண்டவாளம், நிலையம், சுற்றுப்புறம் ஆகியவற்றை ஒரே விகிதத்தில் சிறிதாக்கி, ஓடும்படி அமைப்பதாகும். விளையாட்டு ரயிலிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அந்த விகிதம்தான். புதிதாகத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் எஞ்சினை முதலில் வாங்கி, இடத்தைப் பிறகு தேடுகிறார்கள். அப்படித் தொடங்கிய பாதைகளில் பல பாதியிலேயே நின்றுவிடும். இடத்தையும் விகிதத்தையும் முதலில் முடிவு செய்வதே சரியான வரிசை. இக்கட்டுரை செங்கல்பட்டு சந்திப்பை எடுத்துக்காட்டாகக் கொண்டு அதை விளக்குகிறது.

விகிதமும் பாதை அகலமும்

உலகில் மிகுதியாகப் புழங்குவது 1:87 என்ற எச்.ஓ. விகிதம். இதன் தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இடைவெளி இருக்கும். அடுத்தது 1:160 விகிதமுள்ள என் அளவு. இதன் அகலம் 9 மி.மீ.

இந்திய ரயிலை மாதிரியாக்கும்போது இங்கே ஒரு சிக்கல் எழும். மேற்சொன்ன தண்டவாளங்கள் 1,435 மி.மீ. அகலமுள்ள வெளிநாட்டுப் பாதைகளுக்காக உருவானவை. நமது அகலப்பாதையோ 1,676 மி.மீ. அதை 87ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வரும். ஆகவே கடையில் கிடைக்கும் தண்டவாளத்தில் இந்தியப் பெட்டியை நிறுத்தினால், அடியில் பாதை கிட்டத்தட்ட 3 மி.மீ. குறுகித் தெரியும். பெரும்பாலானோர் இதைப் பொருட்படுத்துவதில்லை. தொடக்கநிலையில் பொருட்படுத்தாமல் இருப்பதே நல்லது, 19.3 மி.மீ. பாதையைக் கையால் செய்யப் புகுந்தால் ரயில் ஓடுவதற்குள் ஆர்வம் வடிந்துவிடும்.

பழைய செங்கல்பட்டை அமைக்க விரும்புவோருக்கு நிலைமை வேறு. சென்னை எழும்பூரிலிருந்து செங்கல்பட்டு வழியாக விழுப்புரம் செல்லும் தடம் நெடுங்காலம் மீட்டர் பாதையாக இருந்தது. 1960களில் அது மின்மயமாகி, ஜப்பானில் உருவான ஒய்.ஏ.எம்.1 எஞ்சின்கள் அதில் ஓடின. 1,000 மி.மீ. பாதை எச்.ஓ. விகிதத்தில் 11.5 மி.மீ. ஆகும். இதற்கு 12 மி.மீ. தண்டவாளம் ஏறக்குறையச் சரியாகப் பொருந்தும். ஆனால் எஞ்சினையும் பெட்டிகளையும் பெரும்பாலும் நாமே செய்ய வேண்டியிருக்கும்.

எதைச் சேர்ப்பது, எதை விடுவது

எழும்பூருக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே சுமார் 56 கி.மீ. எச்.ஓ. விகிதத்தில்கூட இது 640 மீட்டரைத் தாண்டும். 12 பெட்டி புறநகர் ரயில் ஒன்றே ஏறத்தாழ 3 மீட்டர் நீளம். ஆகவே சுருக்காமல் வழியில்லை. நான்கு பெட்டிகள் போதும் என்று வைத்துக்கொண்டால் ரயில் ஒரு மீட்டருக்குள் அடங்கும். முழு ரயிலும் வேண்டுமென்றால் என் அளவு உதவும். அதில் 12 பெட்டிகளும் 1.6 மீட்டர்தான்.

பலரும் முட்டை வடிவப் பாதையில்தான் தொடங்குகிறார்கள். நீளமான இந்தியப் பெட்டிகள் அதில் அழகாக ஓட எச்.ஓ. அளவில் 60 செ.மீ. ஆரமாவது வேண்டும். அதாவது நாலடிக்கும் மேல் அகலமான மேசை. செங்கல்பட்டோடு நின்று திரும்பும் புறநகர் ரயில் இந்தத் தொல்லையைத் தீர்க்கிறது. அதற்கு இரு முனையிலும் ஓட்டுநர் அறை உண்டு. ஓட்டுநர் மறுமுனைக்குப் போனால் போதும், ரயிலைத் திருப்ப வேண்டியதில்லை. எனவே சுவரோரம் 40 செ.மீ. அகலமுள்ள பலகையே போதும்: இரண்டு நடைமேடைகள், 'பாயிண்ட்' எனப்படும் பாதை மாற்றிகள் இரண்டு மூன்று, காஞ்சிபுரம் வழியாக அரக்கோணம் போகும் கிளைப்பாதையின் தொடக்கம்.

பலகை, தண்டவாளம், உப்புக்காற்று

தண்டவாளம் வளையாமல் இருக்கப் பலகை வளையாமல் இருக்க வேண்டும். செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் வரையுள்ள ஈரக்காற்றுப் பகுதியில் ப்ளைவுட்டின் இரு பக்கமும் ஓரங்களும் பெயின்ட் காண வேண்டும். மேற்பக்கம் மட்டும் அடித்தால் ஈரம் ஒரு பக்கமாக ஏறிப் பலகை கோணிக்கொள்ளும். எஃகுத் தண்டவாளம் கடலோரத்தில் விரைவில் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் வாங்குவது மேல். பெயரில்தான் வெள்ளி, உள்ளே செம்பும் நிக்கலும் துத்தநாகமும்தான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் அவ்வப்போது துடைத்தால் ரயில் தயங்கித் தயங்கி நிற்காது.

மின்சாரம்

எளிய அமைப்பில் தண்டவாளங்கள் இரண்டும் 12 வோல்ட் நேர்மின்சாரத்தைக் கடத்துகின்றன. மின்னழுத்தத்தைக் கூட்டினால் வேகம் கூடும். மின்முனைகளை மாற்றினால் ரயில் எதிர்த்திசையில் ஓடும். பாதையை வளைத்து அதே பாதையில் கொண்டுவந்து சேர்த்தால் இடது தண்டவாளம் வலது தண்டவாளத்தைத் தொட்டு ஷார்ட் ஆகிவிடும். அந்த வளைவை இரு முனையிலும் துண்டித்துத் தனி சுவிட்ச் கொடுக்க வேண்டும். மேலே சொன்ன நேர்ப்பாதையில் இந்த வேலையே இல்லை. தண்டவாள இணைப்புகளை மட்டும் நம்பாமல், மீட்டருக்கு ஓர் இடத்திலாவது பலகையின் அடியிலிருந்து ஒயர் இழுத்து சால்டர் செய்வது நல்லது.

காட்சியமைப்பு

ரயில் ஒரு மாதம் தடையின்றி ஓடிய பிறகே இதில் இறங்கலாம். நிலையத்தை ஒட்டிய கொளவாய் ஏரிக்குத் தட்டையான பலகையில் நீலமும் பச்சையும் தீட்டி, அதன்மேல் பல முறை வார்னிஷ் பூசினால் போதும். பின்னணிக் குன்றுகளைத் தெர்மாகோலில் செதுக்கலாம். 15 மீட்டர் பனைமரம் எச்.ஓ. விகிதத்தில் 17 செ.மீ. உயரம், பலர் இதைக் குட்டையாகச் செய்து காட்சியைக் கெடுத்துவிடுகிறார்கள். அளவெடுக்கவும் நிறம் பார்க்கவும் சென்னைப் பெரம்பூரில் 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகம் பக்கத்தில் உள்ளது. முழுமையான மாதிரி நகரம் ஒன்று இயங்குவதைக் காணப் புனேயில் உள்ள ஜோஷி சிற்றுரு ரயில் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம்.

மாமல்லபுரத்துக்கு ரயில் இல்லை. கடற்கரையோரப் பாதை நெடுநாளாகத் திட்டமாகவே இருக்கிறது. மேசையில் மட்டும் அந்தக் கிளையை இன்றே போட்டுவிடலாம்.