கொரோனா தொற்றும் பக்கவாதமும்

கொரோனா தொற்று உடலில் அழற்சியை உண்டாக்கி, இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பாதிக்கக்கூடும். இரத்தம் உறையும் தன்மையும் அதிகரிக்கலாம். அவ்வாறு உருவாகும் இரத்தக் கட்டி மூளைக்குச் செல்லும் குழாயை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். இது சிலருக்கே நேரிடுகிறது. தொற்றிய முதல் சில வாரங்களில் அபாயம் அதிகம். உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள் வழக்கமான மருந்துகளைத் தாமாக நிறுத்தக் கூடாது.

திடீரென முகம் ஒருபுறம் கோணுதல், ஒரு கை அல்லது கால் வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றைக் காய்ச்சலின் களைப்பு எனக் கருதிவிடாதீர்கள். தனிமைப்படுத்தலில் இருந்தாலும் உடனே 108 அவசர ஊர்தியை அழைத்து, தொற்று இருப்பதைத் தெரிவியுங்கள். அறிகுறி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக 4.5 மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும்.