குளிர்காலத் தேகப்பயிற்சி: வீட்டுக்கு எந்தச் சாதனம் ஏற்றது?

மார்கழியும் தையும் தங்கவயலுக்குக் குளிர் மாதங்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் உள்ள ஊர் இது. விடியற்காலையில் பனி மூடிக் கிடக்கும்போது, வழக்கமாக நடக்கப் போகிறவர்கள்கூடப் போர்வையை விட்டு எழுந்திருக்க யோசிக்கிறார்கள். வீட்டுக்குள்ளேயே தேகப்பயிற்சி செய்ய ஒரு மிஷின் வாங்கிப் போட்டால் என்ன என்ற எண்ணம் பல குடும்பங்களில் எழுவது இந்தச் சமயத்தில்தான்.

எண்ணம் நல்லதே. ஆனால் ஆசையோடு வாங்கிய மிஷின் பங்குனி பிறப்பதற்குள் துணி காயப்போடும் கொடியாக மாறிவிடுவதும் பல வீடுகளில் நடக்கிற கதைதான். ஆகவே பணத்தை எடுப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது உத்தமம். யாருக்காக வாங்குகிறோம்? எங்கே வைக்கப் போகிறோம்? எந்த நேரத்தில் பயன்படுத்துவோம்?

யாருக்காக?

முதலில் நம் பெரியவர்களை எடுத்துக்கொள்வோம். சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்கடியில் சுமார் 3,200 மீட்டர் ஆழம் வரை சென்றது. அந்தச் சுரங்கங்களில் இறங்கி உழைத்தவர்களுக்குத் தேகப்பயிற்சியைப் பற்றி யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கங்கள் மூடப்பட்டன. அன்றோடு அந்த உழைப்பும் நின்றது. "அந்தக் காலத்தில் செய்த வேலையே போதும்" என்று சிலர் சொல்வார்கள். முப்பது வருஷத்துக்கு முன் உழைத்த உழைப்பு இன்றைய மூட்டுகளையும் இருதயத்தையும் காப்பாற்றாது.

இவர்களில் சிலருக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. பாறையைத் துளைக்கும்போது கிளம்பும் தூசி நுரையீரலில் படிந்து உண்டாக்கும் சிலிக்கோசிஸ் நோயை இந்த ஊர் நன்கு அறியும். 1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளர்களைப் பரிசோதித்தபோது 3,402 பேருக்கு அந்நோய் காணப்பட்டது. மூச்சிரைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தச் சாதனத்திலும் ஏறக் கூடாது. ஆனால் பயிற்சியே கூடாது என்று நினைப்பதும் தவறு. டாக்டர் அனுமதித்தால், மெதுவான நடையும், நாற்காலியில் உட்கார்ந்து எழுவதும், கைகளுக்கு லேசான எடையும் அவர்களுக்கு நன்மையே செய்யும். பயிற்சியின்போது இரண்டு வார்த்தை பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் நிறுத்திவிட வேண்டும்.

அடுத்து, பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைகள். இருட்டோடு ரயிலேறி இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர்களுக்கு மைதானம் ஏது? அவர்களுக்கு இருப்பது வீடும், இருபது நிமிஷமும்தான். வீட்டு வேலையிலேயே பொழுதைக் கழிக்கும் தாய்மார்களுக்கும் இதே நிலைதான்.

டிரெட்மில் வேண்டுமா?

1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் க்யூபிட் என்ற இன்ஜினீயர் சிறைக் கைதிகளுக்குத் தண்டனையாக ஏற்படுத்திய மிதிசக்கரத்துக்கும் இதே பெயர்தான். இன்று அதே பெயருள்ள ஒன்றை நாம் காசு கொடுத்து வாங்குகிறோம்! மிஷினைக் குறை சொல்வதற்கில்லை. நடக்க விரும்புகிறவர்களுக்கு ஏற்றதுதான். ஆனால் அது ஆறு அடி நீளம் இடம் பிடிக்கும். தவறி விழுந்தால் அடிபடாதிருக்கப் பின்புறமும் ஆறடி காலியாக இருக்க வேண்டும். சுரங்க லைன் வீடுகளில் அதை வைத்தால் மனிதர்கள் வெளியே படுக்க வேண்டியதுதான்.

வசதியான வீடு உள்ளவர்கள் வாங்கும்போது, மோட்டாரின் சக்தி "தொடர்ந்து" எத்தனை குதிரைசக்தி என்று கேளுங்கள். "உச்ச" சக்தி என்று பெரிய எண்ணைக் காட்டினால் மயங்க வேண்டாம். எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டையில் மாட்டும் பாதுகாப்புக் கயிற்றை ஒருநாளும் மறக்கக் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், வேலை முடிந்ததும் சாவியை எடுத்துவிட வேண்டும்.

மூட்டுவலி உள்ளவர்களுக்கு நிலைசைக்கிள் மேல். இடமும் குறைவு, மின்சாரம் இல்லாமலே பல மாடல்கள் ஓடும். பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்று மடங்கியிருக்கும்படி சீட்டின் உயரத்தை வைக்க வேண்டும். முதுகுவலிக்காரர்கள் சாய்மானம் உள்ளதைப் பார்த்து வாங்கலாம். கடையிலேயே பத்து நிமிஷம் மிதித்துப் பாருங்கள். ஆடினாலும் சத்தமிட்டாலும் வேண்டாம்.

சிறு சாதனங்களே போதும்

உண்மையைச் சொன்னால், பெரும்பாலான வீடுகளுக்குச் சில நூறு ரூபாய்ச் சாமான்களே போதும். ரப்பர் பட்டை ஒன்று, ஒரு ஜோடி டம்பெல், ஒரு பாய். பத்துப் பன்னிரண்டு முறை தூக்கும்போது கடைசி இரண்டு முறை சிரமமாக இருந்தால் அதுவே உங்களுக்கான எடை. ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பினால் அது ஒரு கிலோ எடை, காசே தேவையில்லை. எடைக்காக மண் மூட்டை கட்ட நினைப்பவர்கள் சயனைடு மேட்டு மண்ணை மட்டும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

ஸ்கிப்பிங் கயிறு வாங்குகிறவர்கள் அதன் நடுவில் மிதித்து நின்று பார்க்க வேண்டும். கைப்பிடிகள் அக்குள் வரை வந்தால் அளவு சரி. ஆனால் ஒட்டு வீடுகளில் விடியற்காலையில் குதித்தால், ஏர் பிளாஸ்ட் வந்துவிட்டதோ என்று பக்கத்து வீட்டுப் பாட்டி பதறக்கூடும்!

நம் பாட்டன்மார் சுழற்றிய கர்லாக்கட்டையையும் மறக்கலாகாது. இந்தியாவிலிருந்து வெளிநாடு சென்ற இந்தக் கட்டைச் சுழற்சி 1904, 1932 ஒலிம்பிக் பந்தயங்களிலேயே இடம்பெற்றது. தோளுக்கு நிகரற்ற பயிற்சி. தெரிந்தவரிடம் கற்று, இலேசான கட்டையில் தொடங்க வேண்டும்.

குளிரில் கவனம்

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறும். படுக்கையிலிருந்து எழுந்ததும் எடை தூக்கக் கூடாது. பத்து நிமிஷம் கைகால்களை அசைத்து உடம்பைச் சூடாக்கிய பிறகே தொடங்க வேண்டும். முதியவர்கள் வெயில் ஏறிய பிறகு செய்யலாம். குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலை அடைத்துக் கரியடுப்பு மூட்டிக்கொண்டு பயிற்சி செய்வது உயிருக்கே ஆபத்து. காற்று மண் மேடுகளின் தூசியைக் கிளப்பும் நாட்களில் மட்டும் அந்தப் பக்கத்து ஜன்னலைச் சாத்திக்கொள்ளலாம்.

வாரத்துக்கு 150 நிமிஷ மிதமான பயிற்சியும், இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாளொன்றுக்கு இருபத்திரண்டு நிமிஷம்கூட ஆகாது. எதுவும் வாங்காமல் முதலில் இரண்டு வாரம் வீட்டிலேயே அத்தனை நிமிஷம் நடந்தும், உட்கார்ந்து எழுந்தும் பாருங்கள். பழக்கம் நிலைத்தால் அதற்கேற்ற சாதனத்தை வாங்குங்கள். நிலைக்காவிட்டால், பணமாவது மிச்சம்.