அம்மாவுக்கு ஒரு முழம், அவளுக்கு ஒரு முழம்

கம்பம் பள்ளத்தாக்கில் கட்டிய பெண்டாட்டிக்குப் பூ வாங்கிப் போவதே ஒரு காலத்தில் யோசித்துச் செய்கிற காரியமாக இருந்தது. சின்னமனூரிலோ உத்தமபாளையத்திலோ வேலை முடித்து, சைக்கிளில் மஞ்சப்பையை மாட்டிக்கொண்டு திரும்புகிறவர் ஒரு முழம் மட்டும் வாங்க மாட்டார். அம்மாவுக்கு, தங்கச்சிக்கு, அண்ணிக்கு என்று நாலு முழம் அளந்து வாங்குவார். இலைப் பொட்டலம் முதலில் அம்மா கைக்குத்தான் போகும். கிள்ளிப் பங்கு வைப்பதும் அவர்தான். அம்மா புருஷனை இழந்தவர் என்றால் சங்கடம் இன்னும் கூடும். சாமி படத்துக்கு வாங்கியதாகச் சொல்லிச் சாத்திவிட்டு, மிச்சம் மருமகள் தலைக்கு வரும். அல்வாவும் வீட்டுக்கே வாங்கியதுதான். அது யாரை நினைத்து வாங்கியது என்பது அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும்.

கல்யாணம் ஆகாதவர்களுக்குத் திருவிழாதான் வழி. சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலில் எட்டு நாளும் வளையல் கடை நிறைந்திருக்கும். முறைப்பெண்ணுக்குக் கண்ணாடி வளையலும் ரிப்பனும் சாந்துப்பொட்டும் வாங்கிக் கொடுத்தால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊர்ப் பொங்கலில் மஞ்சத்தண்ணி அன்றைக்கு அவள் முறை வரும். மாமன் மகனைத் துரத்திப் பிடித்துச் செம்போடு தலையில் ஊற்றுவாள். அவன் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிப்போகும். ஆனாலும் அதை மாற்றாமல் சாயங்காலம்வரை தெருத்தெருவாகத் திரிவான். ஊரே பார்க்கக் கொடுத்து வாங்கிய அன்பு அது. ஆனால் முறைக்குள் மட்டும்தான். வேற்றுச் சாதிப் பெண்ணுக்குக் கொடுத்த ரிப்பன் ஒரு குடும்பத்தையே ஊரைவிட்டுக் கிளப்பிவிடும்.

80களில் கேசட் வந்தது. பிடித்த பாட்டுகளை வரிசையாக எழுதி ரெக்கார்டிங் கடையில் கொடுத்து, பதிந்து வாங்கி, சிநேகிதி மூலமாக அனுப்பினார்கள். பண்ணைப்புரத்து இளையராஜாவின் பாட்டை அல்லிநகரத்து பாரதிராஜாவின் படத்திலிருந்து எடுத்துக் கொடுப்பதில் இந்த மண்ணுக்கே ஒரு பெருமிதம் உண்டு. தூது போகிற சிநேகிதிக்கும் பழைய மரபு இருக்கிறது. குறுந்தொகையின் முதல் பாட்டிலேயே, காதலன் கையுறை என்னும் அன்பளிப்பாகக் கொண்டுவந்த காந்தள் பூவை, எங்கள் மலையிலேயே அது நிறைய இருக்கிறது என்று தோழி மறுத்துவிடுகிறாள்.

இன்றைக்குத் தேனியில் பிப்ரவரி 14 என்றால் ரோஜா, டெடி பொம்மை, சாக்லேட். ஓசூர் பசுமைக்குடில்களில் விளைகிற ரோஜா வெளிநாட்டுக்கு விமானம் ஏறுவதும் இந்த நாளுக்காகத்தான். நம் மல்லிகைக்கோ அப்போது காலமில்லை. பனியில் மொட்டு சிறுத்து, சீலையம்பட்டி பூ மார்க்கெட்டில் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கும். அது குவிகிற மாதம் சித்திரை. ஸ்பெயினில் பார்சிலோனாக்காரர்கள் தங்கள் பகுதியின் காவல் புனிதரின் நாளான ஏப்ரல் 23-இல்தான் ரோஜாவும் புத்தகமும் கொடுத்துக்கொள்கிறார்கள். நமக்கும் வீரபாண்டித் திருவிழா இருக்கும்போது, மல்லிகை கிடைக்காத ஒரு தேதியை ஏன் பிடித்துக்கொண்டோம் என்று எனக்கு வருத்தம்தான்.

கொடுத்ததைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடுவதும் எனக்கு ஒட்டவில்லை. ஆனால் அப்படிப் போட முடிகிறவர்கள் பாக்கியவான்கள். சாதி குறுக்கே நிற்கிற இடத்தில், போனுக்கு ரீசார்ஜ் செய்துவிட்டால்கூட ‘யார் போட்டது?’ என்று வீட்டில் விசாரணை நடக்கிறது.

எனக்கு மனசார மகிழ்ச்சி தருகிற மாற்றம் ஒன்று உண்டு. ஜப்பானில் பிப்ரவரி 14 அன்று பெண்கள்தான் ஆண்களுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். ஆண்கள் திருப்பிக் கொடுக்கும் நாள் மார்ச் 14. இங்கே அப்படி நாள் குறிக்கவில்லை, ஆனாலும் பெண்ணின் கை நீளத் தொடங்கிவிட்டது. போடிமெட்டு, கம்பமெட்டு வழியாக ஜீப்பில் ஏலத் தோட்டத்துக்குப் போகிறவள், மில் வேலைக்குப் போகிறவள், சம்பளம் வாங்கியதும் கடையேறிப் புருஷனுக்குச் சட்டை எடுக்கிறாள். நிறம் அவள் பார்த்தது, காசு அவள் சம்பாதித்தது. மாமியாரிடம் கேட்டுக்கொண்டு எடுப்பதில்லை. பொட்டலத்தை நேராக அவன் கையிலேயே கொடுக்கிறாள்.