சேவைச் சங்கங்கள்: வாராந்தரக் கூட்டமும் மக்கள் நலமும்

ஆந்திரப் பிரதேசத்தின் தென்கோடியில், ஒன்றுக்கொன்று ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள நகரங்கள் சித்தூரும் திருப்பதியும். 1911-ஆம் ஆண்டில் உருவான சித்தூர் மாவட்டத்தில் ஒன்றாக இருந்த இவை, 2022 ஏப்ரல் முதல் இரு வேறு மாவட்டங்களின் தலைநகரங்களாக உள்ளன. மாம்பழக் கூழ்த் தொழிலும் பால் உற்பத்தியும் சித்தூரின் பொருளாதாரத்துக்கு அடிப்படை. திருப்பதியின் வாழ்வோ திருமலைக்கு வரும் யாத்திரிகர்களைச் சார்ந்தது. இரு நகரங்களிலும் ரோட்டரி, லயன்ஸ் சங்கங்கள் இயங்கி வருகின்றன. கண் சிகிச்சை முகாம், இரத்த தானம், பள்ளிகளுக்கு உதவி ஆகியவை இத்தகைய சங்கங்களின் வழக்கமான பணிகளாகும். இவற்றின் உண்மையான பயனை எதைக் கொண்டு அளவிடுவது என்பதே ஆராயத்தக்க கேள்வி.

தோற்றம்

ரோட்டரி இயக்கத்தை 1905 பிப்ரவரியில் சிகாகோ நகரில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞர் தொடங்கினார். உறுப்பினர்கள் ஒருவர் அலுவலகத்தில் ஒரு வாரமும், மற்றொருவர் அலுவலகத்தில் மறு வாரமுமாகச் சுழன்று கூடியதால் அப்பெயர் ஏற்பட்டது. 1919-ஆம் ஆண்டில் அது கல்கத்தாவில் காலூன்றியது. மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் 1917-ல் தோன்றிய லயன்ஸ் இயக்கம் 1956-ல் இந்தியாவுக்கு வந்தது. 1925-ஆம் ஆண்டு மாநாட்டில் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளை ஏற்று, பார்வையற்றோர் நலத்தை லயன்ஸ் தன் முதன்மைப் பணியாக்கிக் கொண்டது.

கூட்டத்தின் பயன்

மருத்துவர், வணிகர், வழக்கறிஞர், ஆசிரியர், பொறியாளர் எனப் பல தொழிலினரும் ஒரே சங்கத்தில் இடம்பெற வேண்டும் என்பது ரோட்டரியின் அடிப்படைக் கொள்கை. வாரந்தோறும் குறித்த நாளில், குறித்த நேரத்தில் கூடுவது நெடுங்கால மரபு. கூட்டத்தில் செயலாளர் அறிவிப்புகளை வழங்குவார்; விருந்தினர் ஒருவர் உரையாற்றுவார். வர இயலாதவர் வேறு ஊர்ச் சங்கத்தின் கூட்டத்தில் கலந்துகொண்டு அக்குறையை ஈடு செய்யலாம். 2016-ல் இவ்விதி தளர்த்தப்பட்டு, மாதம் இருமுறை கூடினால் போதும் என்றாயிற்று.

வெளிப்பார்வைக்கு இது பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால், ஒரு வாரம் ஏற்றுக்கொண்ட பொறுப்புக்கு மறு வாரமே நண்பர்கள் முன்னிலையில் பதில் கூற வேண்டியிருக்கிறது. நன்கொடையைக் காட்டிலும் இந்தத் தொடர்ச்சியே சங்கத்தின் பெருஞ்செல்வம் எனலாம்.

இரத்தமும் பார்வையும்

இதற்கு இரத்த தானம் தக்க சான்றாகும். உச்ச நீதிமன்றம் 1996-ல் வழங்கிய தீர்ப்பின் விளைவாக, பணத்துக்கு இரத்தம் அளிக்கும் முறை 1998 முதல் தடை செய்யப்பட்டது. தன்னார்வக் கொடையின் தேவை பெருகியது. திருப்பதியில் உள்ள ரூயா அரசு மருத்துவமனை, வேங்கடேசுவர மருத்துவ அறிவியல் நிலையம் போன்ற பெரிய மருத்துவமனைகளுக்கு இத்தேவை ஆண்டு முழுவதும் உண்டு. ஆனால் இரத்தச் சிவப்பணுக்களை ஏறக்குறைய 6 வாரங்களும், தட்டணுக்களை ஏறக்குறைய 5 நாட்களும் மட்டுமே சேமிக்க இயலும். விழா நாளொன்றில் நூற்றுக்கணக்கானோரைத் திரட்டும் முகாமைவிட, வாரந்தோறும் சிலரை அனுப்பி வைக்கும் ஏற்பாடு நோயாளிக்குப் பெரிதும் உதவும்.

கண்புரைச் சிகிச்சைக்கும் இது பொருந்தும். ஒரு காலத்தில் பள்ளிக் கட்டடங்களிலும் கொட்டகைகளிலும் அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. தொற்று அபாயம் கருதி, கிராமத்தில் பரிசோதனை, மருத்துவமனையில் அறுவை என்னும் முறை பின்னர் நிலைபெற்றது. இம்முறையில் பரிசோதனையோடு பணி முடிவதில்லை. முதியவரை அழைத்துச் செல்ல வாகனம் வேண்டும். துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி இழப்பையும் எண்ண வேண்டும். அறுவைக்குப் பின் சில வாரங்கள் சொட்டு மருந்து இடப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். பரிசோதனைக்கு வந்தோர் தொகை மட்டும் அறிக்கையில் இடம்பெற்றால், பார்வை பெற்றோர் எத்தனை பேர் என்பது புலப்படாது.

போலியோ தந்த பாடம்

இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கும் திட்டத்தை ரோட்டரி 1985-ல் உலகளவில் தொடங்கியது. இந்தியாவில் 1995 முதல் அரசு நடத்திவரும் சொட்டு மருந்து நாட்களில் அதன் உறுப்பினர்கள் பங்கேற்றனர். 2009-ல் கூட நாட்டில் 741 பேருக்கு இந்நோய் கண்டது. எனினும் 2011 ஜனவரிக்குப் பிறகு இயற்கையான போலியோ வைரஸால் பாதிக்கப்பட்ட புதிய நோயாளி எவரும் இல்லை. 2014 மார்ச்சில் தென்கிழக்கு ஆசிய வட்டாரம் போலியோ அற்றதாக அறிவிக்கப்பட்டது. மருந்தும் பணியாளர்களும் அரசுடையவை. வீடு வீடாகச் சென்று தயக்கத்தைப் போக்குவதில் தொண்டர்கள் துணை நின்றனர். அவ்வெற்றி, விடாது மீண்டும் மீண்டும் சென்றதன் விளைவாகும்.

நோய் ஒழிந்தாலும், முன்னரே கால் ஊனமுற்றோரின் தேவை ஒழியவில்லை. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் 'பர்டு' மருத்துவமனை இத்தகையோருக்குச் சிகிச்சை அளித்து வந்துள்ளது. தொலைவிலுள்ள சிற்றூர்களிலிருந்து ஒருவரை அங்கு கொண்டு சேர்ப்பதும், ஊர் திரும்பியபின் தொழில் தேடித் தருவதும் சங்கங்கள் எளிதில் ஏற்கக்கூடிய பணிகள்.

குறையும் தீர்வும்

இச்சங்கங்களில் தலைவர் பதவி ஓராண்டுக்கே உரியது; ஆண்டுதோறும் ஜூலை முதல் நாள் புதியவர் பொறுப்பேற்கிறார். பலருக்கும் வாய்ப்புக் கிடைப்பது இதன் நன்மை. முந்தியவர் தொடங்கிய பணி கைவிடப்பட்டு, புதியவர் பெயரில் வேறொன்று தொடங்கும் ஆபத்தும் இதில் அடங்கியுள்ளது. பராமரிப்புக்கு ஏற்பாடின்றி அளிக்கப்படும் குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம் சில மாதங்களில் காட்சிப் பொருளாகிவிடும்.

ஆகவே, மாவட்ட அதிகாரிகள் சங்கங்களை நாடும்போது நன்கொடையை மட்டும் கேட்பது போதாது. குறைந்தது மூன்றாண்டுத் தொடர்ப்பணியைக் கேட்பது நலம். எந்தக் கிராமம், எந்தப் பள்ளி என்பதையும் முன்னரே வரையறுக்க வேண்டும். அரசிடம் திட்டமும் நிதியும் உண்டு. சங்கத்திடம் உள்ளூர் அறிமுகமும் நேரமும் உண்டு. இவை இரண்டும் இணையுமிடத்தில், முகாமுக்கு வந்து சென்ற முதியவரின் வீட்டுக் கதவை மறு வாரமும் ஒருவர் தட்டுவார். சேவையின் அளவுகோல் அதுவே.