சுருக்கம் நீக்கும் களிம்பு

தோலை இளமையாக்குவதாகக் கூறும் அழகு நிலையங்கள் பல கையாளும் ட்ரெட்டினாயின், முகப்பருவுக்கென 1971-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட மருந்தாகும். அதைப் பூசிவந்த நடுவயதுப் பெண்கள் சிலர், முகச் சுருக்கங்களும் மங்குவதாகத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனிடம் கூறினர். அவரது ஆய்வு 1986-இல் வெளிவந்தது.

வெயிலின் புற ஊதாக் கதிர்கள் தோலைத் தாங்கும் கொலாஜன் இழைகளைச் சிதைக்கின்றன. இம்மருந்தோ அவை மீண்டும் உருவாகத் தூண்டுகிறது. பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும். (ஒரே வாரத்தில் முகத்தை வெளுக்கச் செய்யும் களிம்புகளில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பதுண்டு.) தொடக்கத்தில் தோல் சிவந்து உரியும், வெயிலும் எளிதில் சுடும்.

கர்ப்பிணிகள் இதனைத் தவிர்த்தல் வேண்டும். ஆகவே சகோதரிகளே, பூச வருபவர் "கருவுற்றிருக்கிறீர்களா?" எனக் கேட்காவிடில், அந்த நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.