முத்தும் நிழற்படமும்

கடலினின்று சிப்பியை எடுத்த அளவிலேயே முத்து கைக்கு வந்துவிடுவதில்லை. தூத்துக்குடிக் கரையில் முத்துச் சலாபம் நடைபெற்ற நாள்களில், எடுத்த சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, உள்ளிருந்த முத்துகளைத் தனியே பிரித்தனர். பின்னர் அவற்றைப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்தனர். 'பெட்டி' எனப் பெயர்பெற்ற அச்சல்லடைகள் பத்து. முதற் பெட்டியில் பெரிய துளைகள் 20 இருந்தன. அடுத்தடுத்த பெட்டிகளில் 30, 50, 80, 100, 200, 400, 600, 800 எனத் துளைகள் எண்ணிக்கையிற் பெருகி, அளவிற் சிறுகின. இறுதிப் பெட்டியில் 1000 துளைகள் இருந்தன. இவ்வாறு பருமன் நோக்கிப் பிரித்த பின்னர், வடிவும் ஒளியும் நோக்கித் தரம் கண்டனர். குற்றமற்ற உயர்ந்த முத்தினை 'ஆணி' என்றனர். 1961ஆம் ஆண்டிற்குப் பின்னர் அக்கரையில் சலாபம் நடைபெறவில்லை. எனினும், அப்பெட்டிகள் கற்பித்த பாடம் இன்றும் பயன்படுவதாகும். அது வேறொரு தொழிலுக்கும் பொருந்துகின்றது. அத்தொழிலே நிழற்படக் கலை.

பிலிம் சுருளில் படம் எடுத்த காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படங்களே கிடைத்தன. ஆதலின், எடுப்போர் எண்ணி எண்ணி எடுத்தனர். 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கோடாக் நிறுவனப் பொறியாளர் ஸ்டீவன் சாசன் முதல் டிஜிட்டல் கேமராவை அமைத்தார். அது ஒரு படத்தை நாடாவிற் பதிக்க 23 நொடிகள் கொண்டது. இன்றைய கேமராவோ ஒரு நொடியிற் பல படங்களை எடுக்கவல்லது. துறைமுகத்தில் கதிரவன் எழும் காட்சி, கரை திரும்பும் படகுகள், நண்பகல் உப்பளம் எனத் தூத்துக்குடியில் ஒரு நாள் உலவுவோர், 800 படங்களுடன் வீடு திரும்புதல் அரிதன்று. எடுத்தல் எளிதாயிற்று, திருத்துதலோ பெருஞ்சுமையாயிற்று.

சுமை குறைய வேண்டுமாயின், வேலையை முறைப்படுத்தல் வேண்டும். முதலாவது செயல் காத்தல். கேமராவின் நினைவட்டையிலுள்ள படங்களைக் கணினியிலும், அதனின் வேறான மற்றொரு கருவியிலும் படியெடுத்து வைத்தல் வேண்டும். இரு படிகளும் செம்மையாக உள்ளன எனக் கண்ட பின்னரே அட்டையை அழித்தல் தகும். படகில் ஏற்றிய சிப்பி, கரை சேருமுன் மீண்டும் கடலில் வீழுமாயின் மூழ்கியவன் பட்ட பாடு வீணன்றோ?

இரண்டாவது செயல் தெரிதல். இதனைச் செய்யாது திருத்தப் புகுவோரே பெரிதும் இடர்ப்படுகின்றனர். 800 படங்களையும் படத்திற்கு 3 நிமிடம் வீதம் திருத்தினால் 40 மணி நேரம் ஆகும். மாறாக, ஒவ்வொன்றையும் 3 நொடி மட்டும் நோக்கி, மங்கியனவும் அசைந்தனவும் கண் மூடியனவும் ஒதுக்கினால் 40 நிமிடத்தில் முதற் சலிப்பு முடியும். எஞ்சிய 100 படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, படத்திற்கு 12 நொடி செலவிட்டால் 20 நிமிடம் ஆகும். அவற்றுள் தேர்ந்த 40 படங்களைத் திருத்த 2 மணி நேரம் போதும். 40 மணி நேர வேலை 3 மணி நேரத்தில் நிறைவெய்துகின்றது. கழித்தற்கு மனமின்மையே காலத்தைக் கொள்ளை கொள்வதாகும்.

மூன்றாவது செயல் திருத்தல். முதலில் ஒளியையும், அடுத்து நிறத்தையும் சீர் செய்து, கோணிய தொடுவானை நேராக்கி, வேண்டாத ஓரங்களைக் களைதல் வேண்டும். உப்பளப் படங்களில் வெள்ளை உப்புக்குவியல் சாம்பல் நிறமாகத் தோன்றுவதுண்டு. எக்காட்சியும் நடுத்தர ஒளியுடையது என்றே கேமராவின் ஒளிமானி கொள்வதால் இக்குறை நேர்கின்றது. ஒளியைச் சிறிது கூட்டினால் வெண்மை மீளும். ஒரே ஒளியில் எடுத்த படங்களுள் ஒன்றைச் செம்மையாகத் திருத்தி, அதே அளவுகளை ஏனையவற்றிற்கும் ஒருசேர இடுமாறு கணினியைப் பணிக்கலாம். மூலப்படத்தை மாற்றாமல், அதன் படியிலேயே திருத்தங்களைச் செய்தல் அறிவுடைமை.

திருத்துதற்கும் ஓர் எல்லை உண்டு. 1982ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் 'நேஷனல் ஜியாகிரபிக்' இதழ், அகன்ற படம் ஒன்றை நெடிய அட்டைக்குப் பொருத்தும் பொருட்டு, எகிப்து நாட்டுப் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்து வெளியிட்டது. அச்செயல் பெருங்கண்டனத்திற்கு உள்ளாயிற்று. இவ்வெல்லை மன்னார் வளைகுடாவிற்கும் உரியதே. அங்குள்ள பவளப்பாறைகள், கடல்நீர் மிக வெம்மையுறுங்கால் தம்முள் வாழும் நுண்பாசியை இழந்து வெளிறுகின்றன. 2016ஆம் ஆண்டில் அவ்வாறு வெளிறின. நீருக்கடியில் செந்நிறம் முதலில் மறைவதால், ஆங்கு எடுக்கும் படங்கள் நீலம் பூத்துத் தோன்றும். நிறமறிந்த பலகை ஒன்றை உடன் வைத்துப் படமெடுத்து, அதனைக் கொண்டு நிறம் திருத்துதல் நேரிய முறை. அதைவிடுத்து, கண்ணுக்கு இனிமை வேண்டிச் செம்மையை மிகையாக ஊட்டினால், வெளிறிய பவளமும் நலமுற்றதாகத் தோன்றும். நாளை அப்படத்தை ஒப்பிட்டு ஆராய்வோர் ஏமாறுவர். நோயுற்ற கடலுக்கு மருந்தும் கிட்டாது. மறைந்த தோற்றத்தை மீட்பது திருத்தம். இல்லாத தோற்றத்தைப் படைப்பது பொய்.

இறுதியாக, தேர்ந்த படங்களுக்கு நாள், இடம், பொருள் ஆகியவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். பெயரிடாத படம், பெட்டி எண் அறியாத முத்துப் போல மற்றவற்றோடு கலந்து மறையும்.

அன்று முத்துகளைச் சலித்தவர் ஒளியில்லா முத்துக்கு ஒளியைப் படைக்கவில்லை. ஒளியுள்ளதைப் பொறுமையோடு தேர்ந்து எடுத்தனர். நிழற்படம் திருத்துவோர்க்கும் அதுவே நெறி.